ஆறாம் நம்பர் மலையும் ஒரு நாயும்

1

போன செவ்வாய்க்கிழமை என் கடவுச்சீட்டில் பதினெட்டாவது முத்திரை விழுந்தது. கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் நான் முத்திரைகளை எண்ணித்தான் பதில் சொல்கிறேன்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் மலேசியக் குடிமகன் இல்லை, மலேசியக் குடிமகள் ஒருத்தியின் கணவன். அதற்கென்று ஒரு தனி அனுமதி உண்டு. வருடத்துக்கு ஒரு முறை நானும் என் மனைவி பரமேஸ்வரியும் கேமரன் மலையிலிருந்து இறங்கி, கீழே நகரத்தில் உள்ள அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த ஆள் இன்னும் என் கணவர்தான் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இன்னொரு வருடம். முந்தின நாள் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்பதை மூன்றாவது வருடமே கற்றுக்கொண்டேன்.

நிரந்தரமாகத் தங்குவதற்கு ஒரு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டால் சன்னலுக்குப் பின்னால் இருப்பவர் சிரித்த முகத்தோடு ஒரே வார்த்தை சொல்வார். துங்கு. காத்திரு என்று அர்த்தம். யாரும் என்னை இல்லை என்று விரட்டியது கிடையாது. அந்தக் குறையை நான் சொல்ல முடியாது.

இந்த முறையும் பரமேஸ்வரி முழங்கையால் இடித்தாள். "கேளுங்களேன், அந்த ஃபைலு என்னா ஆச்சுன்னு. வாயத் தொறந்து கேட்டாத்தானலா சொல்லுவாங்க."

நான் கேட்கவில்லை. முத்திரையை வாங்கிக்கொண்டு 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். படியிறங்கும்போது எனக்கு லெட்சுமி அக்கா நினைவு வந்தது. அன்றிலிருந்து அந்த நினைவு போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

"உன் அண்ணன் மலேசியாவில் என்ன செய்கிறான்" என்று கேட்பவர்களிடம் ஜோலார்பேட்டையில் இருக்கும் என் தங்கை, "மலையில வாத்தியாரா இருக்கான்" என்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. நான் தேயிலை மலையில் பாராகிளைடிங் கற்றுக்கொடுக்கிறேன். பெரிய துணிச் சிறகை உடம்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஓடி, கால் தரையை விட்டதும் உட்கார்ந்துகொள்ளும் விளையாட்டு. ஏலகிரியில் வெளிநாட்டுக்காரர்களின் மூட்டையைத் தூக்கித் தூக்கிக் கற்றுக்கொண்டேன். அவர்களில் ஒருவர்தான் என்னை இங்கே அழைத்து வந்தார். அவர் போய்விட்டார், நான் தங்கிவிட்டேன்.

பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி மேலே ஏறும் குறுகலான தோட்டப் பாதையில், கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றும் திருப்பம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. நாங்கள் ஓடுவது ஒன்பதாம் நம்பரில். இறங்குவது கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பந்துத் திடலில். இடையில் முழுக்கத் தேயிலை. பார்ப்பதற்கு மெத்தை விரித்தது போல இருக்கும். விழுந்து பார்த்தால்தான் தெரியும், கவாத்து வெட்டிய செடியின் ஒவ்வொரு கொம்பும் ஓர் ஈட்டி.

இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காற்று முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் ஓடக் கூடாது. காலையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே வரும். கொஞ்ச நேரம் பொறுத்து மேகம் கட்டும். பிறகு காற்று மலையின் முதுகுப் பக்கத்திலிருந்து வழிய ஆரம்பிக்கும். அதற்குள் பறந்துவிட வேண்டும். நான் வந்த புதிதில் எட்டரைக்கு ஏறும், பத்துக்குத் திரும்பும் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்வேன். இப்போது சொல்ல முடிவதில்லை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தால் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாக மலைமேல் ஏறிக்கொண்டே வருகின்றன. அவை கிளப்பும் சூடு காற்றைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். வேறு காரணமாகவும் இருக்கலாம். பதினெட்டு வருடம் படித்த பாடம் பழைய பாடமாகிவிட்டது என்பது மட்டும் உறுதி. எட்டு ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றில் ஓட முடிந்தால் பெரிய விஷயம். மற்ற ஏழிலும் சிறகை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒழுங்காகப் பார்த்தால் நான் உட்காரக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்.

3

என் அப்பா சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று பச்சைக் கொடி காட்டியே ஓய்வு பெற்றார். முன்னால் இருக்கும் டிரைவருக்கு அவர் முகம்கூடத் தெரியாது, கொடி தெரியும், வண்டி கிளம்பிவிடும். நான் பறப்பதைப் பார்க்க ஒரே ஒரு முறை ஏலகிரிக்கு வந்தார். நான் இறங்கி வந்ததும் அவர் கேட்டது, "உனக்குக் கொடி யார்டா காட்டுறா?" என்பதுதான். யாரும் இல்லை, நாமே பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான் என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் இறந்தபோது என் கடவுச்சீட்டு முத்திரைக்காக அலுவலகத்தில் இருந்தது. சொன்னால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. சன்னலுக்கு முன்னால் போய் நின்றேன், கூட்டமாக இருந்தது, என் எண் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எண் வந்தபோது ஜோலார்பேட்டையில் எல்லாம் முடிந்திருந்தது. இதை நான் தங்கையிடம் சொன்னதில்லை. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நானும் பச்சைக் கொடி காட்டிக்கொண்டுதான் இருந்தேன். மாணவர் பக்கத்தில் நின்று காற்றைப் பார்த்து "ஓடு" என்று கத்துவேன், அவர்கள் ஓடுவார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார், வங்கிக் குமாஸ்தா, நல்ல மனிதர். அவர் அன்றைக்குத் தயங்கினார். நான் "ஓடு" என்றேன். அவர் ஓடிய மூன்றாவது அடியில் காற்று மாறியது. சிறகு அவர் தலைமேல் மூடிக்கொண்டது. தேயிலைக் கொம்புகளின் மேல் விழுந்து இடுப்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் கோபப்படவே இல்லை. "எனக்கு வேணாம்னுதான் தோணுச்சு. நீங்க சொன்னீங்களேன்னு ஓடினேன் மாஸ்டர்" என்றார். இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அதற்குப் பிறகு நான் "ஓடு" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். காற்று கெட்டால் "நில்" என்பேன். கெடாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஓடுவது அவரவர் முடிவு, அவரவர் உடம்பு. மாணவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். நல்ல விதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றப் பயிற்சியாளர்கள்கூடப் பாராட்டினார்கள்.

4

லெட்சுமி அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்தில் கொழுந்து வெட்டுபவர். இப்போது அந்த வேலைக்குப் பெரும்பாலும் நேப்பாளத்து ஆட்களும் வங்காளதேசத்து ஆட்களும்தான், பழைய தமிழர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். நாங்கள் திருப்பத்தில் காத்துக்கிடக்கும்போதெல்லாம் அவர் கத்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போவார், கீழே வருவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், முடிந்துபோட்ட கொண்டையும் புது ரப்பர் பூட்ஸுமாக வந்து நின்றார்.

"மாஸ்டர், எனக்கும் கத்துக் குடுப்பீங்களா?"

எதற்கு அக்கா என்றேன். அவர் எதிரே கையை நீட்டினார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் மலை.

"எங்க வீட்டுக்காரரு பேக்டரி கூரைக்குத் தகரம் மாத்தறவரு. மேலேருந்து பாத்தா ஆறாம் நம்பரு, நாயி சுருண்டு படுத்த மாதிரியே இருக்குன்னு சொல்லுவாரு. சாவுற வரைக்கும் சொன்னாரு. பொய் சொல்றதுல கெட்டிக்காரரு அந்த ஆளு. நாப்பது வருசமா அந்த மலையில வெட்டறேன், எனக்கு ஒரு நாயும் தெரியல. பாக்கணும்லா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க மேல போறவரு. ஒங்களுக்குத் தெரியும். ஆனா சொல்லிறாதீங்க. நானே பாத்துக்கறேன்."

எனக்குத் தெரியும். ஆறாம் நம்பரின் மேலே நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதில் கீழ்ப்பாதியை எப்போதோ பிடுங்கிப் புதுக் கன்று நட்டுவிட்டார்கள். ஒரு மழையில் வலது ஓரம் சரிந்து, அங்கே வலை போட்டு மூடியிருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் அது எதைப் போலவும் இல்லை. அவர் கணவர் காலத்தில் நாயாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். சொல்லாதே என்று அவரே சொல்லிவிட்டதால் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

இரண்டு பேர் சேர்ந்து பறக்கும் சிறகில் அவரை முன்னால் கட்டிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு எனக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்து நாலு வருடமாகிறது. துங்கு.

ஆகவே தனியாகத்தான் பறக்க வேண்டும். லெட்சுமி அக்கா இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வந்தார். திடலில் நின்று சிறகைத் தூக்கி, தலைக்கு மேல் நிறுத்தி, அப்படியே பிடித்துவைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இளைஞர்கள் அதில் வியர்த்துப்போவார்கள். அவர் காலை ஊன்றி நின்றால் சிறகு அசையாது. சரிவிலேயே நாற்பது வருடம் நின்ற கால்கள் அவை. மலையடியில் இருக்கும் சின்ன மேட்டிலிருந்து பத்து அடி, இருபது அடி எழும்பி இறங்கவும் பழகிவிட்டார். ஒன்பதாம் நம்பரிலிருந்து முழுதாக ஒரு தடவை, அது மட்டும்தான் பாக்கி. மற்றவர்கள் ஓடும் ஞாயிறுகூட அதற்குப் போதாது, முதல் தடவைக்கு மிக அமைதியான ஒரு காலை வேண்டும். மற்ற மாணவர்கள் வார நாளில் நல்ல காற்று பார்த்து லீவு போட்டு வருவார்கள். தோட்டத்து வேலைக்காரருக்கு ஞாயிறு மட்டும்தான். நல்ல காற்று செவ்வாய்க்கிழமை அடித்தது, வியாழக்கிழமை அடித்தது. அவர் ஆறாம் நம்பரில் குனிந்து வெட்டிக்கொண்டே தலைக்கு மேல் மற்றவர்கள் போவதைப் பார்த்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் கம்பத்தில் கட்டிய காற்றுப் பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று நான் பார்த்துவிட்டுச் சொல்வேன், "இன்னிக்கு வேணாம்க்கா. அடுத்த வாரம் பாக்கலாம்." அவர், "சரி மாஸ்டர்" என்பார். உடனே சிறகை மடிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

5

என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள், கோபம் வந்தால் மலாய்க்கு மாறிவிடுவாள். எனக்கோ இத்தனை வருடத்தில் மலாயும் இல்லை தமிழும் இல்லை என்றாகிவிட்டது. போனில் தங்கையிடம் "கெரெத்தா எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போறேன்" என்கிறேன், அவள் "எத எடுத்துக்கிட்டு?" என்கிறாள். கார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகிறது.

யாழினி சின்ன வயதில் மலைக்கு என்னோடு வருவாள். இப்போது பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் விற்கிறாள், படிப்பு முடிந்ததும் பினாங்குக்குப் போகப்போகிறாள். அங்கேயே இருந்துவிடுவாயா என்று கேட்டால் "எந்தா லா" என்பாள், யாருக்குத் தெரியும் என்று அர்த்தம். அவளுக்கு நான் பறப்பதில் ஆர்வம் இல்லை. "நீங்க எங்க பறக்கறீங்க, ஒக்காந்துகிட்டுத்தானே இருக்கீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். நான் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னதற்கு எரிந்து விழுவது எங்கள் குடும்ப வழக்கம்.

லெட்சுமி அக்காமேல் மட்டும் அவளுக்கு ஒரு பிரியம். ஒரு நாள் போனில் செயற்கைக்கோள் படத்தை எடுத்துக்கொண்டு போய், "ஆன்ட்டி, ஆறாம் நம்பரு மேலேருந்து இப்டித்தான் இருக்கும், பாருங்க" என்று நீட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன்ல பாக்கறதுக்கா ரெண்டு வருசமா வந்து நிக்கறேன்? எடுத்துட்டுப் போ லா."

 யாழினி வீட்டுக்கு வந்ததும், "அவங்களப் போக விடுங்க பா" என்றாள். நானா பிடித்து வைத்திருக்கிறேன், காற்றைக் கேள் என்றேன்.

6

அறுபது வயதானதும் தோட்டத்தில் வேலைப் பட்டியலிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். லெட்சுமி அக்காவின் மகன் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான், அங்கே போவதாக முடிவாகியிருந்தது. மாதக் கடைசி நெருங்கியபோது மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அறுபது வயது முழங்காலோடு கிள்ளானிலிருந்து பஸ் ஏறி இவ்வளவு தூரம் மலைக்குத் திரும்பி வந்து பறக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலை நான் எழுந்ததும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. பரமேஸ்வரி தேத்தண்ணி கொடுக்கும்போது, "இன்னிக்கு அவங்களுக்குக் கெடைச்சிரும்" என்றாள். யாழினி கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வாக்கி-டாக்கி ரேடியோவை எடுத்துக்கொண்டு, கேட்காமலே திடலில் போய் நின்றாள்.

ஒன்பதாம் நம்பரில் காற்று முகத்துக்கு நேராக வந்தது. காற்றுப் பை பாதி உயரத்தில் நின்று அசையாமல் இருந்தது. அப்படி ஒரு காற்றை நான் அந்த வருடம் முழுக்கப் பார்க்கவில்லை. அக்கா பசியாறிவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். சிறகை விரித்தோம். கொக்கிகளை அவரே மாட்டினார், நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தலைக்கவசத்தைத் தட்டிவிட்டு, வழக்கம்போல மூன்றடி தள்ளிப்போய் நின்றேன்.

அக்கா கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நேராக எதிரே பார்த்தபடி நின்றார். நானும் நின்றேன்.

இனிமேல் அவர் முடிவு. அவர் காற்றை முகத்தில் வாங்கிப் பழகட்டும், ஓடட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. பயப்படுகிறாரோ என்று பார்த்தேன், திடலில் நிற்பது போலவே நின்றார். ரேடியோவில் யாழினி குரல் வந்தது. "பா, கீழ காத்து நல்லா இருக்கு. ஏன் இன்னும் துங்கு பண்றீங்க?" நான் "பொறு" என்றேன். 'போலாம்க்கா' என்று சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக் கட்டிலும் வந்தது. நீங்க சொன்னீங்களே மாஸ்டர். இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம், அவரே ஓடிவிடுவார் என்று நின்றேன்.

அரை மணி நேரத்துக்கு அந்தக் காற்று மாறவே இல்லை. பிறகு பள்ளத்தில் புகை போல ஒரு மேகம் கிளம்பியது. பை தொங்கியது, ஒரு தரம் சுழன்றது, பிறகு பள்ளத்தை நோக்கி நீண்டது. முதுகுக் காற்று.

"நில்லுங்க" என்றேன். அன்று காலை காற்றைப் பார்த்தபிறகு அவரிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அவர் கயிறுகளை விட்டார். கொக்கிகளைக் கழற்றினார். வழக்கம்போல மடிக்க உட்கார்ந்தவர், துணியின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி, "ஏன் மாஸ்டர், இன்னிக்கும் காத்து சரியில்லியா?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் ஏன்.

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு. நீங்க ஏன் ஓடல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லலியே."

"நான் சொல்ல மாட்டேன்னு மொதல் நாளே சொன்னேனே. ஓடுறது ஒங்க இஷ்டம்னு."

"சொன்னீங்கதான்." கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க தோட்டத்துல எல்லாத் துரையும் அப்டித்தான் மாஸ்டர் பேசுவாங்க. ஒங்க இஷ்டம், பாத்துச் செய்யிங்கன்னு. நம்ப இஷ்டத்துக்குப் பண்ணா மறுநாளு பெரட்டுல, ஆளெடுக்கற எடத்துல வச்சு ஏசுவாங்க. நாப்பது வருசம் காலையில பெரட்டுல போய் நின்னு, கங்காணி நம்பரு சொன்னதுக்கு அப்றந்தான் கால எடுத்து வச்சிருக்கேன். சொல்லாமப் போனதே இல்ல. நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

 நீங்கள் ஓடுவீர்கள் என்று நான் நின்றேன் அக்கா, என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "சரி மாஸ்டர்" என்றார். எப்போதும் போலக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மடிப்பு கலையாமல் பைக்குள் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

கீழே யாழினி ரேடியோவை என் கையில் திணித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 

மாதக் கடைசியில் அக்காவின் சாமான்கள் ஒரு லோரியில் போயின. அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருப்பத்தில் கை காட்டினார். என் பதிவேட்டில் அவர் பக்கம் முழுக்கத் தரைப் பயிற்சி, தரைப் பயிற்சி என்றே எழுதியிருக்கிறது. பறந்த நேரம் என்ற கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

7

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. என் விதியை மாற்றிக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. போன மாதம் ஒரு புதுப் பெண் நல்ல காற்றில் தயங்கி நின்றாள். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவளாக ஓடினாள், பறந்தாள். அது அவள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. எல்லாம் புரிந்த பிறகும் மனிதன் திருந்துவான் என்று யார் சொன்னார்களோ தெரியாது. செவ்வாய்க்கிழமை அந்தச் சன்னலுக்கு முன்னால் நின்றபோதும் அதுதான் நடந்தது. என் ஃபைலைப் பற்றி நான் கேட்பேன் என்று சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் காத்திருந்திருக்கலாம். அவராகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பின்னால் நின்றவர் இருமினார், நான் நகர்ந்துவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் நம்பரில் முதுகுக் காற்று. ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அப்போது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. கிள்ளானிலிருந்து லெட்சுமி அக்கா. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"மாஸ்டர், நல்லா இருக்கீங்களா? பரமு, யாழினி எல்லாம் நல்லா இருக்காங்களா? இங்க பதினோராவது மாடி. எல்லாப் பக்கமும் கம்பி போட்டு அடைச்சிருக்காங்க, கோழிக்கூடு மாதிரி. காலையில கம்பிகிட்ட நின்னா காத்து நேரா மூஞ்சிக்கு வருது. ஒன்பது மணி வரைக்கும் மாறவே மாட்டேங்குது. இத அங்க அனுப்ப முடிஞ்சா நல்லாருக்கும்." குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "சரி மாஸ்டர், இனிமே எங்க நான் அங்க வர்றது. நீங்களே சொல்லிருங்க. அது நாயி மாதிரி இருக்கா, இல்லியா?"

அதை மூன்று தடவை கேட்டேன். இரண்டு வருடமாகச் சொல்லாதே என்றவர் சொல் என்கிறார். எதிரே ஆறாம் நம்பர் மலை இருந்தது. கீழ்ப்பாதியில் கன்றுகள், வலது ஓரத்தில் வலை. 'அதை நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்' என்று தட்டத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். இதையேதான் நான் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எழுதியதை அழித்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் தள்ளிப் போய், பொத்தானை அழுத்திப் பேசினேன்.

"ஆமாக்கா. நாயேதான். சுருண்டு படுத்திருக்கு. வால மடக்கி மூஞ்சிகிட்ட வச்சிருக்கு."

வால் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. இத்தனை வருடத்தில் யாருக்கும் நான் இவ்வளவு உறுதியாக ஒன்றும் சொன்னதில்லை. பதில் வர நேரமாயிற்று. காற்றுப் பை இன்னும் பள்ளத்தை நோக்கியே நீண்டிருந்தது. பிறகு போன் அதிர்ந்தது.

"அப்டியா மாஸ்டர்?" என்றது அக்காவின் குரல். "அந்த ஆளு வாலப் பத்திச் சொல்லவே இல்லியே."